பாதி மாதத்தில் தீரும் கார்டு: வாசகர் கேள்வி-பதில்

அமெரிக்காவில் உணவுக்குத் தவிக்கும் குடும்பங்களைப் பற்றி வந்த கேள்விகளில் நான்கு இங்கே.

உலகத்துக்கே சோளமும் கோதுமையும் ஏற்றுமதி செய்யும் நாட்டில் பசி என்கிறார்களே, எதை வைத்துச் சொல்கிறார்கள்? (திருச்சி வாசகர்)

அரசு நடத்திவந்த கணக்கெடுப்பில் வீடுகளைக் கேட்டுத்தான். "வாங்கியது தீர்ந்த பிறகு மறுபடி வாங்கக் காசில்லாமல் போனதா?", "பணமில்லாததால் ஒருவேளைச் சாப்பாட்டை விட்டீர்களா?" என்பது போல, பிள்ளைகள் உள்ள வீட்டில் 18 கேள்விகள், இல்லாத வீட்டில் 10. மூன்றுக்காவது "ஆம்" என்றால் அது உணவு உறுதியில்லாத வீடு. 2023-ல் நூற்றுக்கு 13.5 வீடுகள் அப்படி இருந்தன. ஆள் கணக்கில் 4.74 கோடி. தானியம் போதாமல் வரும் பசி அல்ல இது. வாடகை தவறினால் வீட்டைக் காலி செய்யச் சொல்வார்கள், கார் தவணை தவறினால் வண்டி போய்விடும். யாரும் கேட்காமல் குறைத்துக்கொள்ளக்கூடிய ஒரே செலவு சாப்பாடு.

அரசுதான் ஏழைக் குடும்பங்களுக்கான 'ஸ்னாப்' என்ற உணவு உதவிக் கார்டில் பணம் போடுகிறதே, போதாதா? (சென்னை வாசகி)

கணக்கைப் பாருங்கள். 2025 நிதியாண்டில் நால்வர் குடும்பத்துக்கு மாத உச்சவரம்பு 975 டாலர். கழிவுகள் போக வருமானம் 1,500 டாலர் என்றால் அதில் 30 சதவீதம், அதாவது 450 டாலரை, குடும்பமே சாப்பாட்டுக்குப் போடும் என்று வைத்து, மீதி 525-ஐத்தான் கார்டில் ஏற்றுவார்கள். தலைக்கு ஒரு நாளைக்கு நாலரை டாலர்கூட இல்லை. வாடகை ஏறிய ஊரில் அந்த 450 கையில் நிற்பதே இல்லை.

மாதத்துக்கு ஒரே தவணையாக வருவது இன்னொரு சங்கடம். பெரும்பாலோருக்குப் பாதி மாதத்துக்குள் பெரும்பகுதி தீர்ந்துவிடும். அதனால் முதல் வாரத்திலேயே கெடாத பாஸ்தாவையும் அரிசியையும் வாங்கி அடுக்குகிறார்கள். கீரையும் பழமும் கடைசி வாரம்வரை தாங்காதே. சூடான சாப்பாடு, சோப்பு, குழந்தை டயப்பர் எதையும் இந்தக் கார்டில் வாங்க முடியாது. நம்மவர்கள் அடிக்கடி கேட்பதால் இதையும் சொல்லிவிடுகிறோம்: எச்-1பி விசாவில் இருப்பவர்களுக்கு இது கிடையாது. கிரீன் கார்டு பெற்ற பெரியவர்கள் பெரும்பாலும் ஐந்து வருடம் காத்திருக்க வேண்டும். 18 வயதுக்குட்பட்ட பிள்ளைகளுக்கு அந்தக் காத்திருப்பு இல்லை.

ஏழைகள் வாழும் பகுதியில் நல்ல சூப்பர் மார்க்கெட் திறந்தால் சரியாகிவிடாதா? (மதுரை வாசகர்)

ஓரளவுக்குத்தான். நகரத்தில் ஒரு மைல், கிராமத்தில் பத்து மைல் தாண்டித்தான் பெரிய கடை என்றால் சிரமம்தான், அதுவும் கார் இல்லாதவர்களுக்கு. ஆனால் புதுக்கடை வந்த இடங்களை ஆராய்ந்து 2019-ல் வெளியான ஆய்வில், மக்கள் வாங்கும் பொருட்கள் பெரிதாக மாறவில்லை. விலையில் கைவைத்தபோது பலன் தெரிந்தது. மாசசூசெட்ஸின் ஹாம்ப்டன் கவுன்டியில் 2011-12-ல் காய், பழத்துக்குச் செலவழித்த ஒவ்வொரு டாலருக்கும் 30 சென்ட் கார்டிலேயே திருப்பிக் கொடுத்தார்கள்; காய், பழம் சாப்பிடுவது 26 சதவீதம் கூடியது. இதை நாடு முழுக்கக் கொண்டுபோயிருக்க வேண்டும் என்பதே எங்கள் கருத்து.

எங்கள் கோயிலில் இலவச உணவுப் பை கொடுக்கிறோம். வாங்குபவர்களில் சிலர் மோட்டல் அறையில் இருக்கிறார்கள். என்ன வைக்கலாம்? (நியூ ஜெர்சி வாசகி)

பை கட்டும் முன் அடுப்பு, மைக்ரோவேவ், ஃப்ரிட்ஜ், டின் திறக்கும் கருவி இவற்றில் எது இருக்கிறது என்று கேட்டுவிடுங்கள். வளையத்தை இழுத்துத் திறக்கும் டின்களாகப் பாருங்கள். மைக்ரோவேவ் மட்டும் உள்ளவருக்கு ஓட்ஸ், வெந்த சாதப் பாக்கெட், வேர்க்கடலை வெண்ணெய், பாகில் அல்லாமல் சாற்றில் போட்ட பழம் வையுங்கள். பால், திறக்கும்வரை வெளியே வைத்தாலும் கெடாத வகையில், ஒருவர் ஒரே தடவையில் குடிக்கும் 236 மில்லி பெட்டியாக இருக்கட்டும். பெரியதைத் திறந்தால் ஃப்ரிட்ஜ் இல்லாமல் கெட்டுவிடும். டின் பயறை வடித்து அலசினால் உப்பு ஏறக்குறைய 40 சதவீதம் குறையும். இதை ஒரு சீட்டில் எழுதிப் பையில் போடுங்கள்.

காய்ந்த ராஜ்மாவை ஸ்லோ குக்கர் மட்டும் வைத்திருப்பவருக்குக் கொடுக்காதீர்கள். அந்த மிதமான சூட்டில் அதிலுள்ள நச்சு முறியாது. சில மணி நேரத்தில் கடுமையான வாந்தி வரும். ஐந்து மணி நேரமாவது ஊறவைத்து, அந்தத் தண்ணீரைக் கொட்டி, புதுத் தண்ணீரில் 30 நிமிடம் கொதிக்கவிட வேண்டும். அடுப்பில்லாதவருக்கு டின்னில் வெந்து வருவதே சரி.

சைவக் குடும்பங்களுக்கென்றால் லேபிளைப் படியுங்கள். மசித்த பயறு டின் சிலவற்றில் பன்றிக் கொழுப்பும், சாதப் பாக்கெட்டுகளில் கோழிச் சாறும் இருக்கும். 'பெஸ்ட் பை' தேதி தாண்டியதற்காக எல்லாவற்றையும் தூக்கி எறிய வேண்டாம், அது ருசிக்கான தேதி. குழந்தைப் பால்மாவில் மட்டும் தேதி தாண்டவே கூடாது. உப்பிய டின்னையும், விளிம்புத் தையலில் நசுங்கிய டின்னையும் யோசிக்காமல் ஒதுக்கிவிடுங்கள்.