12 பேரில் 4 மாஃபியா

வணக்கம் அக்கா,

நான் பாம்பன்காரன். மீன்பிடித் தடைக்காலத்தில் போட்டெல்லாம் கரையில் நின்றபோது வாட்ஸப்பில் மாஃபியா ஆடப் பழகினோம். இரவில் மாஃபியா ரகசியமாக ஒருவரைக் கொல்லும், போலீஸ் ஒருவர் மாஃபியாவா என்று சோதிப்பார், டாக்டர் ஒருவரைக் காப்பார். பகலில் எல்லாரும் பேசி, ஓட்டுப் போட்டு ஒருவரை வெளியே அனுப்புவோம். ஆட்டத்தை நடத்தும் ஹோஸ்ட் போக 12 பேர். பாதிப் பேர் ஊரில், பாதிப் பேர் வளைகுடாவில். 4 மாஃபியா, ஒரு போலீஸ், ஒரு டாக்டர், மீதி ஊர்க்காரர்கள். எப்போதும் மாஃபியாதான் ஜெயித்தது. சரி என்று 2 போலீஸ், 2 டாக்டர் வைத்தோம். இப்போது போலீஸ் வாயைத் திறந்தால் ஆட்டம் முடிந்த மாதிரிதான். இன்னொன்று, அதிகம் பேசாத ஒருவனை முதல் பகலிலேயே வெளியே அனுப்பிவிடுகிறார்கள். அவன் மாஃபியாவாக இருப்பதே இல்லை. என்ன ரோல் சேர்த்தால் சரிவரும்? இல்லை, அமங் அஸ் என்கிற ஆன்லைன் கேம் பக்கம் போய்விடலாமா?

ஒரு வாசகர், பாம்பன்

அன்புள்ள தம்பிக்கு,

ரோல் எதையும் சேர்க்க வேண்டாம். ஒரு மாஃபியாவைக் குறையுங்கள், கூட்டிய போலீஸையும் டாக்டரையும் எடுத்துவிடுங்கள்.

ஆட்டம் பகலில் தொடங்குகிறது என்று வைத்து விரல்விட்டு எண்ணுங்கள். போலீஸ், டாக்டர் சேர்த்து ஊர் 8, மாஃபியா 4. முதல் பகலில் ஊர் தப்பான ஆளை அனுப்பினால் 7. இரவில் ஒருவர் போக 6. அடுத்த பகலும் தப்பினால் 5, விடியும்போது 4. நாலுக்கு நாலு, எண்ணிக்கை சமமானால் மாஃபியாவுக்கு ஜெயம், கதை முடிந்தது. இரண்டே தப்பு! 3 மாஃபியா என்றால் மூன்றாவது தப்பில்தான் ஊர் தோற்கும். போலீஸ் ஒருவரைச் சோதித்து, சொல்வதா வேண்டாமா என்று தவித்து, சொன்ன பிறகு ஊர் நம்புவதா வேண்டாமா என்று அடித்துக்கொள்ள அந்தக் கூடுதல் பகல் வேண்டும்.

1986-இல் மாஸ்கோ பல்கலைக்கழகத்தில் உளவியல் படித்த திமித்ரி தவிதோவ் இந்த ஆட்டத்தை உண்டாக்கியபோது அதன் அடிப்படையே இதுதான்: ஒருவரையொருவர் அறிந்த சிறு கூட்டம் ஒரு பக்கம், யார் யாரென்று தெரியாத பெருங்கூட்டம் மறுபக்கம். சிறு கூட்டத்தின் பலத்தை நாம் குறைத்தே எடைபோடுகிறோம். 2008-இல் வெளியான ஒரு கணித ஆய்வு, போலீஸ் இல்லாத பெரிய ஆட்டங்களில் மாஃபியாவின் எண்ணிக்கை மொத்த ஆட்களின் வர்க்கமூலத்தை ஒட்டி இருந்தாலே இரு பக்கமும் ஈடாக நிற்கும் என்று காட்டியது. கூட்டம் நாலு மடங்கு பெருகினாலும் மாஃபியாவை இரு மடங்காக்கினால் போதும். உங்கள் 12 பேருக்கு அந்தக் கணக்கு அச்சாகப் பொருந்தாதுதான்.

2 போலீஸ் ஏன் ஆட்டத்தைக் கெடுத்தது என்றால், பொய் சொல்ல இடமில்லாமல் போனது. ஒரே போலீஸ் இருக்கும்போது மாஃபியா ஒருவன் எழுந்து "நான்தான் போலீஸ், அவன் கதை விடுகிறான்" என்று அடித்துச் சொல்லலாம். என்னைக் கேட்டால் இந்த ஆட்டத்தின் உச்சமே அந்தப் பகல்தான். ராஜா ராணி போலீஸ் திருடன் சீட்டில் போலீஸ் எடுத்த எடுப்பில் தன்னைக் காட்டிக்கொண்டாக வேண்டும், பிறகு எல்லாம் அதிர்ஷ்டம். இங்கே எப்போது காட்டிக்கொள்வது என்பதே அவன் கையில் இருக்கும் துருப்பு. அதோடு 2 டாக்டர் மாறி மாறிக் காத்தால் அந்தப் போலீஸுக்குச் சாவே கிடையாது. ஒரே டாக்டர் போதும். அவரும் ஒரே ஆளைத் தொடர்ந்து இரண்டு இரவு காக்கக் கூடாது என்று வையுங்கள்.

அப்புறம் அந்தப் பேசாத தம்பி. முதல் பகலில் யாரிடமும் ஒரு தகவலும் இல்லை. யாரையாவது அனுப்பியாக வேண்டுமே என்று, எதிர்த்துப் பேசமாட்டான் என்று தெரிந்தவனை அனுப்புகிறார்கள். விடிகாலையில் கடலிலிருந்து திரும்பித் தூக்கக் கலக்கத்தில் இருப்பவன் என்னத்தைத் தட்டச்சு செய்வான்? முதல் பகலை ஓட்டில்லாமல் விடுங்கள். 3 மாஃபியாவோடு 12 பேர் ஆடினாலும் 11 பேர் ஆடினாலும் ஊர் தோற்க மூன்று தப்புதான். பன்னிரண்டாவது ஆளால் ஊருக்கு ஒரு தப்புகூடக் கூடுவதில்லை. ஆகவே அன்று விட்டுக்கொடுப்பதால் அந்தக் கணக்கில் நட்டமில்லை, போலீஸுக்கு ஒரு சோதனை கையில் வந்துவிடும்.

மிஞ்சியவர்கள் இரட்டைப்படையாக வரும்போதெல்லாம் ஓட்டில்லாமல் விடுவதை யோசியுங்கள். 4 பேர் மிஞ்சி அதில் ஒரு மாஃபியா என்றால் குருட்டாம்போக்கில் போடும் ஓட்டு நாலில் ஒன்றுதான் பலிக்கும், தப்பினால் தோல்வி. ஓட்டுப் போடாமல் இரவைக் கடந்தால் 3 பேர், வாய்ப்பு மூன்றில் ஒன்று. டாக்டர் உயிரோடு இருந்தால் கணக்கு மாறும்.

ஆனால் ஓட்டில்லாத பகலில் பின்னால் புரட்டிப் பார்க்கவும் ஒன்றுமிருக்காது. அதனால் அன்று ஆளுக்கு ஒரு பெயரைச் சந்தேகமாகவாவது எழுதச் சொல்லுங்கள். முகமும் குரலும் இல்லாத இடத்தில் ஊருக்குக் கிடைக்கும் ஒரே தடயம் ஓட்டு. ஒரு மாஃபியா பிடிபட்டதும் மேலே தள்ளிப் பாருங்கள்: அவன்மேல் ஓட்டு ஏறிக்கொண்டிருந்தபோது வேறு பெயரை இழுத்துவிட்டது யார்? இனி தப்பமாட்டான் என்று தெரிந்த பிறகு கடைசியாக வந்து ஒட்டிக்கொண்டது யார்? இதற்காகவே ஆட்டம் முடியும்வரை மெசேஜை அழிப்பதும் திருத்துவதும் கூடாது.

உங்கள் குழுவில் ஒரு பெரியண்ணன் பெயர் சொன்னதும் பத்துப் பேர் "ஆமா, அவன்தான்" என்று வரிசையாகப் போடுவார்கள் என்று அடித்துச் சொல்வேன். சொந்தமும் பக்கத்து வீடுமாக ஆடினால் அப்படித்தான். எல்லாரும் ஹோஸ்டுக்குத் தனியாக ஓட்டை அனுப்பட்டும், அவர் பெயரோடு மொத்தமாகப் போடட்டும். இரவில் இன்னொரு சிக்கலும் இருக்கிறது. யார் யார் பெயருக்குக் கீழே "ஆன்லைன்" காட்டுகிறது என்று பார்த்தே மாஃபியாவைப் பிடித்துவிடுவார்கள். வேலையில்லாத ஊர்க்காரர்களும் இரவில் ஹோஸ்டுக்கு "தூங்குறேன்" என்று ஒரு வார்த்தையாவது அனுப்ப வேண்டும் என்று ஆக்கினால் அது தீரும்.

அமங் அஸ் 2018-இல் வந்தது, 2020-இல்தான் ஊரெல்லாம் பரவியது. அதில் பணிகளை முடித்தும் ஊர் ஜெயிக்கலாம் என்பதால் பேசத் தெரியாதவருக்கும் வேலை உண்டு. உங்கள் தம்பிக்கு அது பிடிக்கும். 15 பேர்வரை ஆடலாம். ஆனால் எல்லாரும் ஒரே நேரத்தில் நெட்டோடு உட்கார வேண்டும். ஷிப்டு முடிந்து வருகிறவரையும் கடலில் இருக்கிறவரையும் வைத்துக்கொண்டு அது நடக்காது. வாட்ஸப் ஆட்டத்தையே வைத்துக்கொண்டு, ஒரு பகலை 24 மணி நேரமாக நீட்டிப் பாருங்கள்.

அன்புடன்,
அக்கா