படுக்கையில பால் பாட்டில்: பாட்டில மாத்தினா பல்லு தப்பிக்குமா?

கேள்வி: பையனுக்கு 14 மாசம், சிங்கப்பூர் செங்காங்ல இருக்கோம். ராத்திரி பால் பாட்டில் வாயில இருந்தாதான் தூங்குவான். மேல் முன்பல்லு ரெண்டுலயும் ஈறு ஓரமா வெள்ளையா கோடு தெரியுது. பல்லுக்கு நல்லதுன்னு போட்டு ஆன்லைன்ல ஒரு பாட்டில் 30 வெள்ளிக்கு விக்கிறாங்க, வாங்கலாமா? இல்ல சுக்ரோஸ் சேர்க்காத பால் மாவுக்கு மாறினா போதுமா? மாமியார் "பால் பல்லுதானே, விழுந்து முளைக்கும், விடு"ங்கிறாங்க.

பதில்: அந்தப் பாட்டில் வேணாம்மா. காசு போறதவிட, பாட்டில்தான் மாத்திட்டோமேன்னு பழக்கத்த அப்படியே விட்டுடுவீங்களோன்னுதான் எனக்குப் பயம். நிப்பிள் எந்த வடிவத்துல இருந்தாலும் அதை வாயில வச்சிக்கிட்டே தூங்கினா பால் மேல் முன்பல்லச் சுத்தித் தேங்கத்தான் செய்யும், தூக்கத்துல எச்சிலும் குறைஞ்சிடும், பல்லுல ஒட்டியிருக்கிற கிருமி பால்ல இருக்கிற சர்க்கரைய அமிலமா மாத்தி, பல்லோட மேல் ஓடான எனாமல அரிக்கும். கீழ் முன்பல்ல நாக்கு மூடிக்கிறதால அது பெரும்பாலும் தப்பிச்சிடும். நீங்க பார்த்த வெள்ளைக் கோடு அரிப்போட முதல் அடையாளமா இருக்கலாம். இந்தக் கட்டத்துல ஃபுளோரைடு பூசி நிறுத்தப் பார்ப்பாங்க, பழுப்பாகிக் குழி விழுந்துட்டா அடைக்கணும், இல்ல பிடுங்கணும், அந்த வயசுப் பிள்ளைக்கு அது பெரிய அவஸ்தை.

பால் மாவு டின்னத் திருப்பி, சின்ன எழுத்துல இருக்கிறதப் படிங்க. சுக்ரோஸ் இல்லைன்னு முன்னாடி பெருசா போட்டிருந்தாலும் பின்னாடி மால்டோடெக்ஸ்ட்ரின், குளுக்கோஸ் சிரப்னு இருக்கலாம், அதுவும் பல்லுக்கு ஆகாது. அது இல்லாட்டியும் சாதாரணப் பால்லயே லாக்டோஸ்ங்கிற சர்க்கரை உண்டு. 1 வயசு தாண்டிடுச்சுல்ல, சத்துக்கு ஃபார்முலா பால் மாவுதான் வேணும்னு இல்ல, சாதாரண முழுக்கொழுப்புப் பசும்பால கப்புல குடுக்கலாம், உலகச் சுகாதார நிறுவனமும் 2023ல இதையேதான் சொல்லுச்சு. டின் காசும் மிச்சம்.

காசு செலவு பண்றதுன்னா பேஸ்ட்டுக்குப் பண்ணுங்க. குழந்தைப் பேஸ்ட் பலதுல ஃபுளோரைடே இருக்காது, பழ வாசனைக்குத்தான் நல்லாயிருக்கும். டியூப்ல 1000 பிபிஎம் (ppm) ஃபுளோரைடுன்னு போட்டிருக்கான்னு பாருங்க, அரிசி மணி அளவு போதும், காலைல ஒருதரம், தூங்கறதுக்கு முன்னாடி ஒருதரம், நீங்கதான் தேய்ச்சு விடணும். நம்ம குழாய்த் தண்ணியில ஃபுளோரைடு இருக்கு, ஆனா அத மட்டும் நம்பி இருக்க முடியாது.

பால விளக்கு அணைக்க முன்னாடியே குடுத்து முடிச்சு, பல்லு தேய்ச்சு, அப்புறம் படுக்க வைங்க. திடீர்னு நிறுத்தினா வீட்ல யாரும் தூங்க மாட்டீங்க, அதனால படுக்கைப் பாலோட அளவ நாளுக்கு நாள் கொஞ்சங்கொஞ்சமா குறைச்சிட்டு வாங்க, கடைசில வெறும் தண்ணி. மாவுல கூடுதலா தண்ணி ஊத்தி நீர்க்க வைக்க வேணாம். 18 மாசத்துக்குள்ள பாட்டில முழுசா விட்டுட்டா நல்லது.

மாமியார்கிட்ட இதச் சொல்லுங்க: பின்பக்கப் பால் பல்லு 10, 12 வயசு வரைக்கும் இருக்கும். சொத்தையாகி முன்கூட்டியே போயிட்டா பக்கத்துப் பல்லு அந்த இடத்துல சாய்ஞ்சிடும், நிலைப்பல்லு கோணலா வரும். சீழ் பிடிச்சா அடியில வளர்ற பல்லையும் பாதிக்கும்.

இந்த வாரமே பல் டாக்டர்கிட்ட காட்டுங்க. எல்லா கிளினிக்லயும் இவ்ளோ சின்னப் பிள்ளைங்களப் பார்க்க மாட்டாங்க, அதனால போன் பண்ணும்போதே வயசச் சொல்லிக் கேட்டுட்டுப் போங்க.