காகித நுண்ணோக்கியில் எல்லாம் கலங்கலாகத் தெரிவது ஏன்?

கேள்வி: பள்ளி அறிவியல் மன்றத்துக்கு ஃபோல்ட்ஸ்கோப் என்ற காகித நுண்ணோக்கி வாங்கினோம். குளத்து நீரை வைத்துப் பார்த்தால், எவ்வளவு நகர்த்தினாலும் கலங்கலாகவே இருக்கிறது. கருவியில் கோளாறா?

பதில்: பெரும்பாலும் ஸ்லைடைத் தலைகீழாகச் செருகியிருப்பீர்கள். இதன் லென்ஸ், கடுகைவிடச் சற்றே பெரிய, சுமார் 2.4 மி.மீ. விட்டமுள்ள கண்ணாடி உருண்டை. 140 மடங்கு பெரிதாக்கிக் காட்டும். ஆனால் லென்ஸிலிருந்து ஏறக்குறைய அரை மி.மீ. தூரத்தில் இருப்பது மட்டும்தான் தெளிவாகத் தெரியும். ஸ்லைடு கண்ணாடியின் கனமே 1 மி.மீ. அந்தப் பக்கம் லென்ஸைப் பார்த்திருந்தால் நீர்த்துளி எட்டாத தூரத்துக்குப் போய்விடும். நீர்த்துளியை மூடும் மெல்லிய தகடான கவர் ஸ்லிப்பின் கனம் 0.2 மி.மீ.கூட இல்லை, அந்தப் பக்கம்தான் லென்ஸை ஒட்டி இருக்க வேண்டும்.

அடுத்தது, நீரின் அளவு. சின்னதாக ஒரே சொட்டு போதும். கவர் ஸ்லிப்பைச் சாய்வாகப் பிடித்து, ஒரு விளிம்பிலிருந்து மெல்ல இறக்குங்கள். தொப்பென்று போட்டால் காற்றுக்குமிழி சிக்கிக்கொள்ளும். கருப்பு வளையம் கட்டிய அந்த வட்டங்களைச் செல் என்று நினைத்துப் படம் வரைந்துவரும் பிள்ளைகள் நிறைய. மிஞ்சிய நீரை டிஷ்யூ காகித நுனியால் உறிஞ்சி எடுத்துவிடுங்கள். உயிரிகள் ஓடிக்கொண்டே இருந்தால் நாலைந்து பஞ்சு இழைகளைப் பிரித்துத் துளிக்குள் போடுங்கள். இழைகளுக்கிடையே சிக்கி நிதானமாக நகரும். தெளிந்த நீரில் அதிகம் எதுவும் இருக்காது. பாசியைப் பிழிந்து எடுத்த நீரே நல்லது.

கேள்வி: இதை வைத்து மலேரியாக் கிருமியைக் கண்டுபிடிக்கலாமா?

பதில்: அதை நம்பி முடிவெடுக்கக் கூடாது. நோயறியும் கருவியாக வேண்டும் என்ற நோக்கத்தோடுதான் அமெரிக்காவின் ஸ்டான்ஃபோர்ட் பல்கலைக்கழகத்தில் மனு பிரகாஷின் ஆய்வகத்தில், அவருடைய ஆய்வு மாணவர் ஜிம் சைபுல்ஸ்கி இதில் உழைத்தார். 2014-இல் கட்டுரை வெளியானது. அதன்படி உதிரிபாகச் செலவு ஒரு டாலருக்கும் குறைவு. ஒரு மாணவரின் ஆய்வு இத்தனை பள்ளிக்கூடங்களுக்குப் போய்ச் சேர்ந்தது பெரிய காரியம். ஆனாலும் இந்த லென்ஸ் பிரித்துக் காட்டக்கூடியது சுமார் 2 மைக்ரான் (மி.மீ.-இல் ஆயிரத்தில் ஒரு பங்கு ஒரு மைக்ரான்) வரைதான். ரத்தச் சிவப்பணுவே 7, 8 மைக்ரான். அதற்குள் வளையம்போல இருக்கும் கிருமி அதில் சுமார் மூன்றில் ஒரு பங்கு, சிலவற்றில் அதைவிடவும் சிறியது. ஆய்வகங்களில் சாயமேற்றி, எண்ணெய்த்துளி விட்டுப் பார்க்கும் ஆயில் இம்மர்ஷன் லென்ஸில் 1000 மடங்கு பெரிதாக்கிப் பார்க்கிறார்கள். காய்ச்சல் என்றால் ஆரம்ப சுகாதார நிலையத்துக்குப் போய் ரத்தப் பரிசோதனை செய்துகொள்ளுங்கள்.

கேள்வி: இருப்பது ஒரே கருவி, பிள்ளைகளோ 40 பேர். என்ன செய்வது?

பதில்: கூடவே வரும் காந்த வளையத்தைக் கைபேசிக் கேமராவின் மேல் நடு மையமாக ஒட்டுங்கள். கேமரா இரண்டு மூன்று இருந்தால், ஒவ்வொன்றாக விரலால் மூடிப் பாருங்கள். எதை மூடும்போது திரை இருள்கிறதோ அதில்தான் ஒட்ட வேண்டும். அந்த வளையத்தில் ஃபோல்ட்ஸ்கோப்பைப் பொருத்தினால் எல்லோரும் திரையில் பார்க்கலாம். ஜன்னல் வெளிச்சம் போதும். கண்ணை வைத்துப் பார்க்கும்போது மட்டும் யாரும் சூரியன் பக்கம் திருப்பாமல் நீங்கள் அருகிலேயே நின்று பார்த்துக்கொள்ளுங்கள், திருப்பினால் விழித்திரை கருகிவிடும்.