எஃப்ஐஆர் உங்கள் கணவர் பேரில் இருந்தால் என்ன?

கேள்வி: பாபநாசம் பக்கம் ரோட்டில் காயப்போட்டிருந்த நெல்லுக்கு ஒதுங்கிய என் கணவரின் பைக், எதிரே வந்த லாரியில் மோதிவிட்டது. தொடை எலும்பு முறிவு. எஃப்ஐஆரில் தப்பு அவர் மேல். "சல்லிக்காசு வராது, பாதி தந்தால் நான் வாங்கித் தருகிறேன்" என்கிறார் ஆஸ்பத்திரியில் பழக்கமான ஒருவர். என்ன செய்வது?

பதில்: வராத பணத்தில் அவருக்கு எதற்கம்மா பாதி? முதலில் அவர் நீட்டும் எதிலும் கையெழுத்துப் போடாதீர்கள். வெற்று வக்காலத்தில், அதாவது வக்கீலுக்கு அதிகாரம் தரும் தாளில், போட்ட ஒரு கையெழுத்தால் காசு எங்கே போனதென்றே தெரியாமல் நின்றவர்களைப் பார்த்திருக்கிறேன். கிடைக்கும் இழப்பீட்டில் இத்தனை சதவீதம் என்று பேசி வழக்கு நடத்த வக்கீலுக்கே பார் கவுன்சில் விதி இடம் தராது. புரோக்கருக்கு ஏது?

மோட்டார் வாகனச் சட்டம் 164-ஆவது பிரிவில் இழப்பீடு கேட்க, யார் தப்பு என்று நிரூபிக்க வேண்டியதில்லை. 2022 ஏப்ரல் 1 முதல் நடைமுறையில் இருக்கிறது. மரணத்துக்கு 5 லட்சம், கொடுங்காயத்துக்கு 2.5 லட்சம். எலும்பு முறிவு கொடுங்காயம்தான். லாரியின் உரிமையாளரோ, அதன் இன்சூரன்ஸ் கம்பெனியோ தர வேண்டும். 166-ஆவது பிரிவில் போனால் இதைவிட அதிகத் தொகை கேட்கலாம். ஆனால் அங்கே லாரியின் தப்பைக் காட்ட வேண்டும், உங்கள் கணவர் பங்குக்குக் கழித்தும் விடுவார்கள். உங்களுக்கு 164 போதும்.

ஒன்றை மட்டும் குழப்பிக்கொள்ளாதீர்கள். லாரியே இல்லாமல், நெல்லில் சறுக்கி அவராகவே விழுந்திருந்தால் கதை வேறு. சொந்த வண்டி, சொந்த விழுகை. யாரிடம் போய்க் கேட்பது? தன் பாலிசியோடு எடுத்த 15 லட்ச விபத்துக் காப்பு உண்டே என்பார்கள். அது மரணத்துக்கும், கை கால் போவது போன்ற நிரந்தர ஊனத்துக்கும்தான். முறிந்த எலும்பு கூடிவிட்டால் அதில் ஒன்றும் வராது. எதிரே லாரி வந்ததுதான் உங்கள் வழக்கே.

லாரி நம்பரை எம்பரிவாஹன் ஆப்பில் போட்டால் இன்சூரன்ஸ் விவரம் வரும். விபத்து அறிக்கையை 48 மணி நேரத்துக்குள், வாகன விபத்து இழப்பீட்டு வழக்குகளை விசாரிக்கும் தீர்ப்பாயத்துக்கு அனுப்ப வேண்டியது போலீஸ். அதைக் கேட்டால் ஸ்டேஷனில் "நாளைக்கு வாங்க" என்பார்கள், அந்த நாளை வரவே வராது. எழுத்தில் மனு கொடுத்து ரசீது வாங்குங்கள். விபத்து நடந்து 6 மாதத்துக்குள் தீர்ப்பாயத்தில் இழப்பீட்டு மனு போட்டுவிடுங்கள். வக்கீலுக்கு வழியில்லை என்றால் கோர்ட் வளாகத்திலேயே இலவச சட்ட உதவி தரும் வட்டச் சட்டப் பணிகள் குழு இருக்கிறது, நேரே போய்க் கேளுங்கள். டிஸ்சார்ஜ் சம்மரி, எக்ஸ்ரே எல்லாம் உங்கள் பீரோவிலேயே இருக்கட்டும். அந்த ஆளிடம் ஜெராக்ஸ்கூட வேண்டாம்.