லிஃப்ட் உண்டா என்று முதலில் கேளுங்கள்: ரேகன்ஸ்பர்க்கில் மூன்று இரவுகள்

கேள்வி: நானும் மனைவியும் பத்து வயது மகளும், எழுபதைக் கடந்த என் பெற்றோருமாக ஐந்து பேர், செப்டம்பர் கடைசி வாரத்தில் ஜெர்மனியின் ரேகன்ஸ்பர்க் நகரில் மூன்று இரவுகள் தங்க எண்ணியிருக்கிறோம். முனிக் விமான நிலையத்தில் அதிகாலையில் இறங்குவோம். ஆடம்பரம் வேண்டாம், சுத்தமான, அளவான வாடகையுள்ள ஹோட்டல் போதும். அப்பாவுக்கு மூட்டுவலி, அம்மா முட்டைகூடச் சேர்க்கமாட்டார். பழைய நகருக்குள்ளேயே அறை எடுப்பதா, ரயில் நிலையத்தின் பக்கம் எடுப்பதா? பதிவு செய்யுமுன் எதையெல்லாம் விசாரிக்க வேண்டும்?

பதில்: இரண்டுக்கும் நடுவே எடுங்கள். ரேகன்ஸ்பர்க்கின் ரயில் நிலையம் பழைய நகரின் தெற்கு ஓரத்தில் இருக்கிறது. அங்கிருந்து மாக்சிமிலியான் தெரு நேராகப் பழைய நகருக்குள் செல்கிறது. நடந்தால் கால் மணி நேரத்துக்குள் பேராலயத்தின் பக்கம் வந்துவிடலாம். இந்தத் தெருவையும் அதன் பக்கத் தெருக்களையும் ஒட்டி, லிஃப்ட் உள்ள ஒரு சிறு ஹோட்டலைத் தேடுவதுதான் உங்கள் குடும்பத்துக்குப் பொருந்தும். பேராலயத்தைச் சுற்றியுள்ள சந்துகளில், வளைவுக் கூரையும் மரத் தூண்களுமாக இருக்கும் விடுதிகளின் படங்கள் உங்களை இழுக்கும். நீங்களும் மனைவியும் மட்டும் போவதாக இருந்தால் நானே அவற்றைப் பரிந்துரைத்திருப்பேன்.

பெற்றோரோடு போகும்போது அவை வேண்டாம் என்பதற்குக் காரணம் அந்த நகரின் வரலாற்றிலேயே இருக்கிறது. இரண்டாம் உலகப் போரில் ஜெர்மனியின் பழைய நகரங்கள் பல குண்டுவீச்சில் சிதைந்தன. பக்கத்து நியூரம்பெர்க்கின் பழைய நகரம் 1945 ஜனவரி 2ஆம் தேதி நடந்த தாக்குதலில் பெரும்பாலும் அழிந்தது. இன்று அங்கே பயணிகள் தங்கும் கட்டடங்களில் பல போருக்குப் பின் எழுந்தவை என்பதால் அகலமான படிக்கட்டும் லிஃப்ட்டும் அங்கே அரிதல்ல. ரேகன்ஸ்பர்க்கிலோ 1943 ஆகஸ்ட் 17 அன்று விமானங்கள் குறிவைத்தது நகரின் மேற்கே இருந்த மெஸ்ஸர்ஷ்மிட் விமானத் தொழிற்சாலையைத்தான். இடைக்கால நகரம் ஏறக்குறைய முழுமையாகப் பிழைத்துக்கொண்டது. 2006இல் யுனெஸ்கோ அதை உலகப் பாரம்பரியப் பட்டியலில் சேர்த்ததற்கும், நீங்கள் அங்கே போக விரும்புவதற்கும் அந்தப் பிழைப்புதான் காரணம். ஆனால் பிழைத்த வீடுகளோடு அவற்றின் செங்குத்தான படிகளும், உயரம் குறைந்த வாசல்களும், கோணலான தரைகளும் சேர்ந்தே பிழைத்திருக்கின்றன. பாதுகாக்கப்பட்ட கட்டடத்தின் சுவரை இடித்து லிஃப்ட் வைக்க உரிமையாளருக்கு எளிதில் அனுமதி கிடைக்காது. ஆகவே அங்கே லிஃப்ட் இல்லாததைக் கஞ்சத்தனம் என்று எடுத்துக்கொள்ள வேண்டியதில்லை.

லிஃப்ட் உண்டா என்று கேட்பதோடு நின்றுவிடாதீர்கள். ஜெர்மனியின் பழைய வீடுகளில் தரைத்தளமே தெருமட்டத்திலிருந்து அரை மாடி உயரத்தில் அமைந்திருப்பது உண்டு. 'ஹோக்பார்ட்டேர்' என்று அதற்குப் பெயர். லிஃப்ட் இருக்கும், ஆனால் அதை எட்ட வாசலில் ஏழெட்டுப் படி ஏற வேண்டியிருக்கும். "தெருவிலிருந்து லிஃப்ட் வரையிலும், லிஃப்ட்டிலிருந்து அறைக் கதவு வரையிலும் எத்தனை படிகள்?" என்று எண்ணிக்கையாகக் கேட்டு மின்னஞ்சல் அனுப்புங்கள். ஆங்கிலத்தில் எழுதலாம், பதில் வரும். கேட்ட கேள்விக்குத் துல்லியமாக விடை எழுதுவது அந்நாட்டாரின் நல்ல பழக்கம். கேட்காததை அவர்களாக எழுதுவார்கள் என்று எதிர்பார்க்காதீர்கள். குளியலறையையும் இதே கடிதத்தில் விசாரித்துவிடுங்கள்: தொட்டிக்குள் ஏறி நின்று குளிக்கும் அமைப்பு உங்கள் அப்பாவுக்கு ஆகாது, தரையோடு தரையாக இருக்கும் ஷவர்தான் வேண்டும். வாளியும் குவளையும் அங்கே இருக்காது. கழிப்பறையில் தண்ணீர்க் குழாயும் இருக்காது என்பதால் ஒரு சிறு குவளையை நம் ஊரிலிருந்தே பெட்டியில் வைத்துக்கொள்வது நல்லது.

விடுதி வகைகளைப் பற்றி ஒரு வார்த்தை. முகப்பில் 'கார்னி' என்று எழுதியிருந்தால் காலை உணவு மட்டும் உண்டு, மற்ற வேளைக்கு உணவகம் இல்லை என்று பொருள். 'காஸ்ட்ஹோஃப்' என்றால் கீழே உணவகமும் மேலே அறைகளும் இருக்கும். 'பென்சியோன்' என்பது பெரும்பாலும் ஒரு குடும்பமே நடத்தும் சிறு விடுதி. இந்த மூன்றிலும் வரவேற்பு மேசையில் இரவு முழுவதும் ஆள் இருக்கமாட்டார். மாலைக்குப் பின் வருவோருக்கு வாசலில் உள்ள சாவிப் பெட்டியின் ரகசிய எண்ணை முன்கூட்டியே அனுப்பிவிடுவார்கள்.

உங்களுக்கு நேரப் பிரச்சினை வேறு வகையில் வரும். இரவெல்லாம் பறந்து அதிகாலையில் முனிக்கில் இறங்குகிறீர்கள். அறை பெரும்பாலும் பிற்பகல் 2 அல்லது 3 மணிக்குத்தான் கையில் கிடைக்கும். பெட்டிகளை முன்னதாகவே வாங்கி வைத்துக்கொள்வார்கள், ஆனால் பெற்றோரை எங்கே படுக்க வைப்பது? முந்தைய இரவுக்கும் சேர்த்து பெற்றோரின் அறைக்கு மட்டும் வாடகை கொடுத்து, காலையில் நேராகப் போய்ப் படுக்கச் செய்வதே சரியான வழி என்பது என் கருத்து. அப்படிச் செய்தால், "நாங்கள் மறுநாள் காலையில்தான் வருவோம், அறையை வைத்திருங்கள்" என்று எழுத்தில் தெரிவித்துவிட வேண்டும். இல்லையென்றால் இரவு வராத விருந்தினராகக் கணக்கிட்டுப் பதிவையே ரத்து செய்துவிடக்கூடும்.

முனிக் நகருக்குள் போகத் தேவையில்லை. விமான நிலையத்திலிருந்தே லான்ட்ஸ்ஹூட் வழியாக ரேகன்ஸ்பர்க்குக்கு நேரடி வட்டார ரயில் உண்டு. ஏறக்குறைய ஒன்றரை மணி நேரப் பயணம். 'பயர்ன் டிக்கெட்' என்னும் ஒருநாள் சீட்டு ஒன்றில் ஐந்து பேர் வரை பயணம் செய்யலாம். திங்கள் முதல் வெள்ளி வரை அது காலை 9 மணிக்குப் பிறகுதான் செல்லுபடியாகும். சனி, ஞாயிறுகளில் நள்ளிரவு முதலே செல்லுபடியாகும். பயணிகளின் பெயர்களை அதில் எழுத வேண்டும். ஐசிஇ போன்ற விரைவு ரயில்களில் ஏறக்கூடாது, மீறினால் அபராதம். ஜெர்மன் ரயில் பாதைகளில் சீரமைப்புப் பணிக்காக மாதக்கணக்கில் போக்குவரத்தை நிறுத்துவதும் இப்போது நடக்கிறது. பயணத்துக்கு ஒரு வாரம் முன்பு அந்தத் தேதிக்கான ரயில் அட்டவணையை மறுபடி பார்த்துக்கொள்ளுங்கள்.

அறைகளைப் பொறுத்தவரை, ஒரு மூவர் அறையும் ஓர் இருவர் அறையும் கேளுங்கள். மகள் சிறுமிதானே, நம்மோடு படுத்துக்கொள்வாள் என்று இருவர் அறையில் மூன்றாவது ஆளை அழைத்துச் செல்வது அங்கே நடக்காது. குழந்தையின் வயதைப் பதிவிலேயே குறிப்பிட்டால் கூடுதல் கட்டில் போட்டுத் தருவார்கள். இருவர் கட்டிலில் இரண்டு தனி மெத்தைகளும், ஆளுக்கொன்றாக இரண்டு கனத்த போர்வைகளும் இருப்பதுதான் அங்கே வழக்கம். முதன்முறை பார்ப்பவர்களுக்கு விநோதமாகத் தோன்றும், வயதானவர்களுக்கோ வசதி. செப்டம்பர் கடைசியில் இரவுகள் குளிரும் என்பதால் குளிர்சாதனம் இல்லாததைப் பற்றிக் கவலைப்பட வேண்டாம். தெருப் பக்கத்து அறையா, உள்முற்றத்துப் பக்கமா என்று மட்டும் கேளுங்கள். பேராலயத்தின் மணியோசை, பத்து நிமிடம் கேட்டால் இனிமை. விமானக் களைப்பில் தூங்குபவருக்கு வேறு மாதிரி.

வாடகையில் மறைந்திருக்கும் செலவுகள் ஜெர்மனியில் குறைவு. பெர்லின், கொலோன் போன்ற நகரங்களில் தங்கும் வரி என்று தனியாக ஒன்று பில்லில் ஏறும். பவேரியா மாநிலம் அத்தகைய வரியைத் தன் நகரங்கள் விதிக்கக்கூடாது என்று 2023இல் சட்டம் போட்டுவிட்டதால் ரேகன்ஸ்பர்க்கில் அந்தத் தொல்லை இல்லை. காலை உணவு வாடகையில் அடங்குமா, தனியா என்பதைப் பாருங்கள். சிறு விடுதிகள் சில, உள்நாட்டு வங்கி அட்டையை ஏற்றாலும் நம் கடன் அட்டையை ஏற்கமாட்டா. அதையும் கேட்டுக்கொண்டு, கையில் யூரோவாகக் கொஞ்சம் வைத்திருங்கள். வந்ததும் ஒரு பதிவுப் படிவத்தில் கையெழுத்து கேட்பார்கள், கடவுச்சீட்டையும் பார்ப்பார்கள். 2025 தொடக்கம் முதல் ஜெர்மன் குடிமக்களுக்கு இந்தப் படிவம் நீக்கப்பட்டுவிட்டது. வெளிநாட்டவருக்கு இன்னும் உண்டு. பக்கத்தில் நிற்பவரிடம் கேட்காமல் நம்மிடம் மட்டும் கேட்கிறார்களே என்று மனம் வருந்த வேண்டாம்.

அம்மாவின் உணவுதான் உண்மையில் கவனம் வேண்டிய இடம். டான்யூப் ஆற்றின் மேலுள்ள பழைய கல் பாலத்தின் அருகே நூற்றாண்டுகளாக இயங்கிவரும் தொத்திறைச்சிக் கடையின் புகை வாசனைதான் அந்த ஊரின் அடையாளம் என்பதிலிருந்தே நிலைமையை ஊகிக்கலாம். 'வெஜிட்டேரிஷ்' என்று பட்டியலில் போட்டிருக்கும் பவேரிய உணவுகளில் பெரும்பாலானவற்றில் முட்டை இருக்கும்: பாலாடைக்கட்டியில் புரட்டிய ஷ்பெட்ஸ்லே, ரொட்டி உருண்டையான க்னோடல், உருளைக்கிழங்கு அடை எல்லாமே அப்படித்தான். உருளைக்கிழங்கு சாலட்டைப் பவேரியாவில் இறைச்சி வடிநீர் ஊற்றியே கலப்பது வழக்கம். காய்கறி சூப்பும் அதே வடிநீரில் கொதித்ததாக இருக்கலாம். ஆகவே அம்மாவுக்காகக் கேட்கும்போது 'வெஜிட்டேரிஷ்' என்று சொல்லாமல் 'வேகான்' என்று சொல்லுங்கள். பாலும் தயிரும் விட்டுப்போனாலும், முட்டையும் இறைச்சி வடிநீரும் நிச்சயமாக இராது. இத்தாலிய உணவகங்களில் பீட்சாவும், முட்டை சேராத உலர் பாஸ்டாவும் கிடைக்கும். காலை உணவில் ரொட்டி, வெண்ணெய், பழம், தயிர், தானியக் கலவை எல்லாம் தாராளமாக இருக்கும் என்பதால், 'கார்னி' ஹோட்டலாக இருந்தாலும் காலை உணவோடு சேர்த்துப் பதிவு செய்வது உங்கள் வீட்டாருக்கு லாபம். அறையில் வெந்நீர்க் கெண்டி இருக்கிறதா என்றும் கேளுங்கள். பல இடங்களில் இருக்காது.

சிறு உணவகங்கள் வாரத்தில் ஒரு நாள் மூடியிருக்கும். 'ரூஹெட்டாக்' என்று கதவில் எழுதியிருப்பார்கள். பவேரியாவில் கடைகள் இரவு 8 மணிக்குச் சாத்தப்படும், ஞாயிறன்று திறக்கவே மாட்டார்கள். ரயில் நிலையத்துக் கடைகள், ரொட்டிக் கடைகள் போன்ற சில மட்டுமே விதிவிலக்கு. ரயில் நிலையத்துக்கு அருகில் தங்கச் சொன்னதற்கு இது இன்னொரு காரணம். உங்கள் தங்கல் நீண்டு அக்டோபர் 3ஆம் தேதியைத் தொட்டால், அது ஜெர்மனி ஒன்றிணைந்த நாள், தேசிய விடுமுறை. அன்றும் ஞாயிறு போலத்தான்.

தேதியைப் பற்றிச் சொல்ல வேண்டியது இன்னும் ஒன்று இருக்கிறது. செப்டம்பர் நடுப்பகுதியில் தொடங்கி அக்டோபர் முதல் ஞாயிறு வாக்கில் முடியும் முனிக்கின் அக்டோபர் விழா உங்கள் வாரத்தின் மேலேயே விழுகிறது. முனிக்கில் அறை கிடைக்காதவர்கள் சுற்றுவட்டார நகரங்களுக்கு வருவார்கள். வார இறுதி ரயில்களிலும் கூட்டம் நெரியும். இயன்றால் ஞாயிறு இரவு தொடங்கி புதன் காலை வரை தங்குமாறு அமையுங்கள். அறைகளை மூன்று நான்கு மாதங்களுக்கு முன்பே பிடித்துவிடுங்கள், அதுவும் கட்டணமின்றி ரத்து செய்யக்கூடிய வகையில். ஷெங்கன் விசாவுக்குத் தங்குமிடச் சான்று கேட்பார்கள், விசா வந்து சேரும் நாளோ நம் கையில் இல்லை. சலுகை விலை என்று ரத்து செய்ய முடியாத அறையை எடுத்துவிட்டு விசாவுக்காகக் காத்திருப்பது வீண் பதற்றம்.

ஆற்றுக்கு அக்கரையில் உள்ள ஸ்டாட்டாம்ஹோஃப் பகுதியில் வாடகை சற்றுக் குறைவான அறை கண்ணில் படலாம். அதுவும் பாரம்பரியப் பகுதியே, அழகான இடம். ஆனால் 12ஆம் நூற்றாண்டில் கட்டி, எண்ணூறு ஆண்டுகள் அந்நகரில் டான்யூபைக் கடக்க இருந்த ஒரே பாலமான கல் பாலத்தில் இப்போது வண்டிகள் போவதில்லை. டாக்சி வேறு பாலத்தைச் சுற்றித்தான் வர வேண்டும். ஒவ்வொரு முறையும் பழைய நகருக்குப் போக அப்பா அந்தக் கல் பாவிய ஏற்ற இறக்கத்தில் நடக்க வேண்டும். ஒரு முறை நடப்பது நினைவில் நிற்கும். நாளுக்கு நான்கு முறை நடப்பது மூட்டில் நிற்கும்.

பார்க்கும் இடங்களிலும் இதே கணக்குத்தான். நகருக்கு வெளியே, புகழ்பெற்றவர்களின் சிலைகளை வைத்து 1842இல் திறக்கப்பட்ட வால்ஹாலா நினைவு மண்டபத்துக்குப் படகில் போனால் கரையிலிருந்து 358 படிகள் ஏற வேண்டும்; டாக்சியில் போனால் மேலே உள்ள வண்டி நிறுத்தம் வரை போய்விடலாம். பழைய நகர மண்டபம், 1663 முதல் 1806 வரை புனித ரோமானியப் பேரரசின் நிரந்தர அவை கூடிய இடம். அங்கே வழிகாட்டியோடுதான் உள்ளே போக முடியும், படிகளும் உண்டு. கி.பி. 179இல் எழுந்த ரோமானியப் பாசறையின் வாசல் தெருவோரத்திலேயே, பிற்காலக் கட்டடம் ஒன்றின் சுவரோடு சுவராக நிற்கிறது. அதைப் பார்க்க ஒரு படியும் ஏற வேண்டாம். அங்கிருந்து மேற்கே, வானியலாளர் கெப்லரின் பெயர் தாங்கிய தெருவில் அவர் இறந்த வீடு இருக்கிறது. தமக்கு வரவேண்டிய சம்பள பாக்கியைக் கேட்க 1630 நவம்பரில் குளிரில் குதிரையேறி வந்து, தெரிந்தவர் வீட்டில் தங்கி, நோயுற்று, சில நாட்களிலேயே காலமானார். மகளுக்கு அந்த வீட்டு வாசலில் நின்று இந்தக் கதையைச் சொல்லுங்கள்.

கடைசியாக ஒன்று. ஹோட்டல்காரரின் பதில் மின்னஞ்சலை, குறிப்பாகப் படிகளின் எண்ணிக்கையும் அறையின் தளமும் எழுதியிருக்கும் பகுதியை, அச்செடுத்துக் கையில் வைத்துக்கொள்ளுங்கள். போய்ச் சேரும்போது மூன்றாம் மாடி அறையைக் காட்டினால் வாதாடத் தேவையில்லாமல் அந்தத் தாளை மேசைமேல் வைத்தால் போதும்.