ஹீமோகுளோபின் 9.2: மாத்திரையை நிறுத்திவிட்டு முருங்கைக்கீரை மட்டும் சாப்பிடலாமா?

கேள்வி: டாக்டர், எனக்கு வயது 33. ரத்தப் பரிசோதனையில் ஹீமோகுளோபின் 9.2 என்று வந்தது. இரும்புச்சத்து மாத்திரை போட்டால் மலச்சிக்கலாக இருக்கிறது, மலமும் கறுப்பாகப் போகிறது. மாமியார், "மாத்திரையை விடு, முருங்கை இலைப் பொடியை வெறும் வயிற்றில் குடி, ஒரே மாதத்தில் ரத்தம் ஊறிவிடும்" என்கிறார். காலையில் தைராய்டு மாத்திரையும் சாப்பிடுகிறேன். அடுத்த குழந்தைக்கு முயற்சி செய்துகொண்டிருக்கிறோம். கீரை மட்டும் போதுமா? வேர்ப்பட்டைக் கஷாயமும் குடிக்கச் சொல்கிறார்கள், குடிக்கலாமா?

பதில்: கடைசியில் கேட்டதற்கு முதலில் பதில் சொல்லிவிடுகிறேன். வேர்ப்பட்டைக் கஷாயம் வேண்டாம். முருங்கையின் வேரையும் பட்டையையும் கருவைக் கலைக்கவே ஒரு காலத்தில் பயன்படுத்தியிருக்கிறார்கள், கர்ப்பப்பையைச் சுருங்கவைக்கும் தன்மை அதற்கு உண்டு, வேர்ப்பட்டையில் நரம்பைப் பாதிக்கக்கூடிய ஆல்கலாய்டு என்னும் வேதிப்பொருட்களும் இருக்கின்றன. குழந்தைக்கு முயற்சி செய்யும் நேரத்தில், கரு தங்கியிருப்பது உங்களுக்கே தெரியாத நாட்களில் இதைக் குடித்துவைத்தால் என்ன ஆகும் என்று யோசித்துப் பாருங்கள். இலை, பூ, காய் மூன்றும் உணவு. வேரும் பட்டையும் அப்படி இல்லை.

சரி, கீரைக்கு வருவோம். உங்கள் மாமியார் சொல்வதில் பாதி உண்மை. முருங்கைக்கீரை நல்ல கீரைதான், புரதமும் கால்சியமும் வைட்டமின் ஏ-யாக மாறும் சத்தும் நிறைய உண்டு. ஆனால் இரும்புக் கணக்கைக் கொஞ்சம் போட்டுப் பார்க்கலாம். 100 கிராம் பச்சைக் கீரையில் சுமார் 4 மி.கி. இரும்பு இருக்கிறது. ஒருவர் ஒரு வேளைக்குச் சாப்பிடுவது மிஞ்சிப் போனால் 50 கிராம், அதாவது 2 மி.கி. தாவர உணவில் இருக்கும் இரும்பில் குடல் உறிஞ்சுவது பெரும்பாலும் பத்தில் ஒரு பங்குதான் என்பதால், உடம்புக்குள் சேர்வது 0.2 மி.கி. அளவு. நம் உடல் இயல்பாகவே தினமும் 1 மி.கி. இரும்பை இழக்கிறது, மாதவிடாய் வரும் பெண்களுக்கு இன்னும் அதிகம். மாத்திரையில் இருப்பதோ 60 மி.கி. அல்லது அதற்கும் மேல். 9.2-ல் இருப்பவரை, பெண்களுக்கு இருக்க வேண்டிய குறைந்தபட்ச அளவான 12-க்குக் கொண்டுவர கீரையால் முடியாது. 12-க்கு வந்த பிறகு அங்கிருந்து இறங்காமல் பார்த்துக்கொள்ள அது உதவும், அதுவே பெரிய வேலைதான்.

பொடி விற்பவர்கள் "பசலையைவிட 25 மடங்கு இரும்பு" என்று போடுகிறார்களே, அது காய்ந்த பொடி 100 கிராமையும் தண்ணீர் நிறைந்த பச்சைக் கீரை 100 கிராமையும் பக்கத்தில் வைத்துச் செய்யும் கணக்கு. 100 கிராம் பொடியை ஒரே நாளில் யார் குடிக்கிறார்கள்? ஒரு ஸ்பூன் என்றால் 3, 4 கிராம் வரும். அதோடு காயவைக்கும்போது வைட்டமின் சி-யில் பெரும்பகுதி போய்விடுகிறது, இரும்பு உள்ளே போக உதவுவதே அந்த வைட்டமின்தான். கீரையாகவே சமைத்து, இறக்கியபின் கொஞ்சம் எலுமிச்சை பிழிந்து சாப்பிடுங்கள். சாப்பிட்ட ஒரு மணி நேரத்துக்கு டீ, காபி வேண்டாம்.

மாத்திரையை நிறுத்த வேண்டிய அவசியமும் இல்லை. மலம் கறுப்பாவது இரும்பால் வரும் நிறம், பயப்பட ஒன்றுமில்லை. மலச்சிக்கலுக்கு ஒரு வழி உண்டு: ஒருநாள் விட்டு ஒருநாள் மாத்திரை எடுப்பது. அப்படி எடுக்கும்போது குடல் இரும்பை இன்னும் நன்றாகவே உறிஞ்சுகிறது, வயிற்றுத் தொல்லையும் குறைகிறது. உங்கள் மருத்துவரிடம் கேட்டு மாற்றிக்கொள்ளுங்கள். கீரையின் நார்ச்சத்து இந்த இடத்தில் நிஜமாகவே கைகொடுக்கும்.

அப்புறம் தைராய்டு மாத்திரை. அதை வெறும் வயிற்றில் தண்ணீரில் மட்டும் போட்டுவிட்டு ஒரு மணி நேரம் காத்திருக்க வேண்டும், அதனால் காலையில் எழுந்ததும் பொடி கரைத்துக் குடிக்கும் யோசனை உங்களுக்குச் சரிவராது. இரும்பு மாத்திரைக்கும் அதற்கும் 4 மணி நேரமாவது இடைவெளி விடுங்கள். இரண்டையும் ஒன்றாக விழுங்கிவிட்டு "தைராய்டு ஏன் கட்டுக்குள் வரவில்லை" என்று வருபவர்களை அடிக்கடி பார்க்கிறேன்.

பாட்டிமார்கள் சொன்ன மற்ற பயன்களையும் எல்லாம் பொய் என்று ஒதுக்க மாட்டேன். உடம்பு வலிக்கு முருங்கை ஈர்க்கில் (இலைக்காம்பில்) ரசம் வைப்பது சூடான, எளிதில் செரிக்கும் நல்ல ஆகாரம். தாய்ப்பால் ஊற முருங்கை இலை கொடுக்கும் வழக்கம் பிலிப்பைன்ஸிலும் உண்டு, அங்கே நடந்த சில சிறிய ஆய்வுகளில் பால் அளவு கூடியிருக்கிறது. பூவைப் பாலில் வேகவைத்துக் குடித்தால் ஆண்மை பெருகும் என்பதற்கு மனிதர்களிடம் உறுதியான ஆதாரம் இல்லை, குடித்தால் கெடுதலும் இல்லை. விதையைப் பொடித்துக் கலங்கிய தண்ணீரில் போட்டால் அதிலுள்ள ஒரு புரதம் அழுக்கைத் திரட்டிக் கீழே இறக்கிவிடும், எனக்கு இந்த மரத்தில் பிடித்த விஷயமே அதுதான், ஆனாலும் தெளிந்த தண்ணீரைக் கொதிக்கவைத்துத்தான் குடிக்க வேண்டும். சுளுக்குக்கு அரைத்துப் பற்றுப் போடுபவர்கள் இலையோடு நிறுத்திக்கொள்ளட்டும். வேரில் கடுகு போலக் காரமான பொருள் இருக்கிறது, தோல் கொப்பளித்துவிடும்.

வீட்டில் யாராவது சர்க்கரைக்கோ ரத்த அழுத்தத்துக்கோ மாத்திரை எடுத்தால், குழம்பில் கூட்டில் சேர்ப்பதற்குத் தடையில்லை, தினமும் பொடியாகவோ சாறாகவோ குடித்தால் மாத்திரையோடு சேர்ந்து அளவு மிகவும் இறங்கக்கூடும். ரத்தம் உறையாமலிருக்க வார்ஃபரின் மாத்திரை எடுப்பவர்களும், பொட்டாசியம் குறைக்கச் சொல்லப்பட்ட சிறுநீரக நோயாளிகளும் கேட்காமல் தொடங்கவே கூடாது.

உங்கள் விஷயத்தில் இன்னொன்று பாக்கி இருக்கிறது. 33 வயதில் ஹீமோகுளோபின் ஏன் 9.2-க்கு இறங்கியது? மாதவிடாயில் ரத்தம் அதிகம் போகிறதா, மூலம் இருக்கிறதா, வயிற்றில் பூச்சியா, இவற்றைப் பார்த்து, உடம்பில் இரும்பு எவ்வளவு இருப்பில் இருக்கிறது என்று காட்டும் ஃபெரிட்டின் பரிசோதனையும் செய்துகொள்ளுங்கள். மாத்திரையை ஒழுங்காகப் போட்டால் ஒரு மாதத்தில் 1 கிராமாவது ஏற வேண்டும். ஏறவில்லை என்றால் ரிப்போர்ட்டோடு நேரில் போய்ப் பாருங்கள். ஏறிவிட்டால், 12 தொட்டதும் நிறுத்திவிடாதீர்கள், உடம்பின் இருப்பு நிரம்ப இன்னும் 3 மாதம் தொடர வேண்டும்.