பிரவுசரை மூடித் திறந்து எத்தனை நாளாயிற்று?

கே: குரோம் தானாகவே அப்டேட் ஆகிவிடும் என்கிறார்களே, பிறகு ஏன் மூலையில் அப்டேட் பொத்தான் நிற்கிறது?

ப: தானாக நடப்பது பாதி வேலைதான். புதிய பதிப்பு பின்னணியில் இறங்கிவிடும். ஆனால் ஏற்கெனவே திறந்திருக்கும் பிரவுசர் பழைய பதிப்பிலேயே ஓடிக்கொண்டிருக்கும். நாற்பது டேப்களை அப்படியே விட்டு லேப்டாப்பை மூடிமூடி வைப்பவர்கள் மாட்டிக்கொள்வது இங்கேதான். மேல் வலது மூலையிலுள்ள மூன்று புள்ளிகளைத் தொட்டு, 'ஹெல்ப்', அதற்குள் 'அபவுட் கூகுள் குரோம்' போங்கள். அந்தப் பக்கம் திறந்ததுமே புதிய பதிப்பு உண்டா என்று தேடும். இறங்கி முடிந்ததும் 'ரீலாஞ்ச்' அழுத்துங்கள். டேப்கள் திரும்ப வந்துவிடும், இன்காக்னிட்டோ (வரலாறு சேமிக்காத) விண்டோக்கள் வராது. பாதி நிரப்பிய படிவம் இருந்தால் முதலில் அதை அனுப்பிவிடுங்கள்.

கே: நான் கண்ட கண்ட தளங்களுக்குப் போவதில்லை. ஒரு வாரம் தள்ளிப்போட்டால் என்ன?

ப: பாதுகாப்பு ஓட்டையை அப்டேட்டில் அடைத்த பிறகுதான், அதைப் போடாதவர்களுக்கு ஆபத்து கூடுகிறது. குரோமுக்கு அடித்தளமான குரோமியத்தின் நிரல் எல்லோர் பார்வைக்கும் திறந்திருப்பது. எந்த வரியைத் திருத்தினார்கள் என்று பார்த்தாலே ஓட்டை எங்கே இருந்தது என்பது தெரிந்துவிடும். இந்த இடைவெளியைக் குறைக்கத்தான் 2023 ஆகஸ்டில், குரோம் 116 முதல், பாதுகாப்புத் திருத்தங்களை வாராவாரம் வெளியிடத் தொடங்கினார்கள்.

நல்ல தளம் என்பதும் முழுக் காப்பு அல்ல. அதில் வரும் விளம்பரம் வேறு எங்கிருந்தோ வருகிறது. 2023 செப்டம்பரில், வெப்பி (WebP) என்ற பட வடிவத்தைத் திறக்கும் நிரலில் ஓர் ஓட்டை வெளிப்பட்டது; அதன் வழியே தாக்க ஒரு படமே போதுமாக இருந்தது. சுருக்கிய படத்தை விரிக்க, எந்தக் குறியீடு எதைக் குறிக்கிறது என்று சொல்லும் ஹஃப்மேன் அட்டவணை ஒன்றைக் கட்ட வேண்டும். அதற்கென ஒதுக்கிய நினைவகத்தை மீறி எழுதும்படி தாக்குபவர்கள் படத்தைத் திரித்துவிட்டார்கள். குரோம், எட்ஜ், ஃபயர்ஃபாக்ஸ் மூன்றும் படத்தை விரிக்க அதே நிரல் நூலகத்தை (பலரும் பகிர்ந்து பயன்படுத்தும் ஆயத்த நிரலை) பயன்படுத்தியதால் மூன்றுக்கும் திருத்தம் தேவைப்பட்டது.

கே: விண்டோஸ் 7-இல் குரோம் நன்றாகத்தானே ஓடுகிறது?

ப: ஓடும். ஆனால் 109-ஆம் பதிப்போடு அதற்கு அப்டேட் நின்றுவிட்டது. அதில் வங்கிக் கணக்கைத் திறக்காதீர்கள்.

கே: ஐபோனில் சஃபாரியை எங்கே அப்டேட் செய்வது?

ப: தனியாக வராது. ஐஓஎஸ் அப்டேட்டோடுதான் வரும்: 'செட்டிங்ஸ்', 'ஜெனரல்', 'சாஃப்ட்வேர் அப்டேட்'.

கே: "உங்கள் பிரவுசர் பழையது, இதை டவுன்லோட் செய்யுங்கள்" என்று ஒரு தளம் சொல்கிறது.

ப: அந்த டேபை மூடுங்கள். ஃபைல் இறங்கியிருந்தால் திறக்காமல் அழியுங்கள். திறந்துவிட்டீர்கள் என்றால், பாஸ்வேர்டுகளை வேறொரு கருவியிலிருந்து மாற்றுங்கள்.